வீரை மரத்தடியில் கிடந்த சருகு

மகன், உன் உம்மாவின் ஸலாம் உனக்கும், உன் பெண்சாதிக்கும், அந்த வீட்டார் எல்லோருக்கும். போன கிழமை நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். "உம்மா, மாரி தொடங்கிட்டுதானே, நம்மட பிறைப்பூச்சி வந்திட்டா? மிஸ் வந்து பாத்தாவா? ஏன் ஒண்டும் சொல்லாம இரிக்கிறீங்க?" என்று கேட்டிருந்தாய். பின்னால் உன் பெண்சாதி சிரிக்கும் சத்தமும் கேட்டது. "எல்லாம் நல்லா இரிக்கி மகன், துஆச் செய்" என்று பதில் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன், மழையும் நன்றாகப் பெய்கிறது. அந்தப் பூச்சி மட்டும் வரவில்லை. அது ஏன் வரவில்லை என்று போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்தே காலத்தைக் கழித்தவள் எழுதத் தொடங்கினால் எங்கே போய் நிற்பாள் என்று உனக்குத் தெரியும். பெண்சாதியிடம் ஒரு தேத்தண்ணி வாங்கி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசி. இல்லாவிட்டால் நீயே எழுந்து போய் ஊற்றிக்கொள், அது இன்னும் நல்லது.

உன் வாப்பா சென்ற மாரியில் மௌத்தானார். அதன் பிறகு நான் இத்தா இருந்த மாதங்களை நீ வெளியிலிருந்து பார்த்தாய், நான் உள்ளேயிருந்து பார்த்தேன். கணவன் போனபின் ஒரு பெண் வாசல் தாண்டாமல் வீட்டோடு இருக்கும் அந்தக் காலத்தில் வருகிறவர்கள் வந்து, அழுகிறவர்கள் அழுது முடித்த பிறகு, மிச்சமாகக் கிடப்பது பகல்தான். எனக்குப் பின்னறையில் ஒரு கதிரை. கதிரைக்கு நேரே நம் வெள்ளைப் பின்மதில். மதிலுக்கு அப்பால், ஊரில் மௌத்தானவர்களை அடக்கும் மையவாடி. சாய்ந்தமருதில் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு வீடு, இடையில் ஒரு முருங்கை நிற்கக்கூட இடமில்லை. காடு என்று சொல்ல நமக்கு மிஞ்சியிருப்பது மையவாடியில் நிற்கும் அந்த வீரை மரங்களும் பாலை மரங்களும்தான். அந்த மரங்களிலிருந்து வரும் அந்துப்பூச்சிகள் இரவெல்லாம் நம் மதில் விளக்கைச் சுற்றிவிட்டு, நான் சுபஹ் தொழுது எழும்பும்போது சுவரில் ஒட்டிக்கொண்டு தூங்கும். முதலில் அவற்றை நான் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்துச் சுவர் அலுத்தபோது பூச்சி கண்ணில் பட்டது. இத்தனை வருடம் வண்ணாத்திப்பூச்சியின் வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில் கீறியவளுக்கு, வீட்டுச் சுவரில் இருப்பதன் பெயர் ஒன்றுகூடத் தெரியவில்லை. நான் போனை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கியது அப்படித்தான். துக்கத்தில் இருப்பவள் பூச்சி பிடிக்கிறாளே என்று உன் சாச்சி மூக்கில் விரல் வைத்தாள். அவள் கொண்டுவந்த வட்டிலாப்பத்தை நான் முழுதாகச் சாப்பிட்ட பிறகுதான் அவள் முகம் தெளிந்தது.

அந்த ஒன்று, ஒரு மழை விட்ட காலையில் வந்தது. மரப்பட்டை நிறத்தில் இரண்டு சிறகு, பார்த்தால் சுவரில் யாரோ காய்ந்த பட்டையை ஒட்டிவிட்டது மாதிரி இருக்கும். நான் கிட்டப் போனதும் மேல்சிறகை விலக்கியது. உள்ளே கறுப்பு, கறுப்பின் நடுவே வெளிறிய மஞ்சளில் ஒரு பிறை. நீ வேலையால் வந்ததும் படத்தைக் காட்டினேன். "தலைப்பிறை மாதிரி இரிக்கி" என்றாய். அன்றிலிருந்து அது நமக்குப் பிறைப்பூச்சி ஆனது. அந்துப்பூச்சிகளைப் பற்றிக் கதைக்கும் ஒரு குழுவில் அந்தப் படத்தை நீதான் போட்டாய். அப்படித்தான் கண்டியில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் மிஸ் நமக்குக் கிடைத்தா. அவவுக்குத் தமிழ் வராது, எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸை நிறுத்தி இறங்கும் அளவுக்குத்தான், ஆகவே இருவரும் இங்கிலிஷில் தட்டுத் தடுமாறினோம். இதைப்போலவே இன்னொரு பூச்சி உண்டு, அது ஆமணக்கில் வளர்ந்து நாடெல்லாம் பறப்பது, அதுவாக இருந்தால் பேச ஒன்றுமில்லை என்று அவ எழுதினா. ஆனால் இது மற்றதாக இருந்தால், அது உள்நாட்டுக் காடுகளில் எப்போதோ கண்டது, இந்தக் கரையில் யாரும் பதிந்ததே இல்லையாம். நம் படத்தில் இருந்ததற்குச் சிறகு தேய்ந்து, பிறையின் ஒரு முனை அழிந்திருந்தது. அந்த முனை விளிம்பைத் தொடுகிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, இதை வைத்து எதுவும் சொல்ல இயலாது என்றா. ரமழான் பிறையைக் கண்டேன் என்று ஒருவர் பள்ளிக்கு ஓடிவந்தால், எங்கே கண்டீர், எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று குடைந்து குடைந்து கேட்பார்களே, அதேபோல மிஸ்ஸும் குடைந்தா. எனக்குக் கோபம் வரவில்லை. சாட்சி என்றால் அப்படித்தான் கேட்க வேண்டும்.

பிறகு அவ ஒரு வழி சொன்னா. அரிய பூச்சியின் புழு வீரை இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. வீரை மரத்தில் புழுவைக் கண்டு, அது கூடாகி, மாரி மழைக்குப் புதுப்பூச்சியாக வெளிவருவதை அந்த இடத்திலேயே பார்த்துவிட்டால் யாரும் மறுக்க முடியாது. வீரை மரம் மையவாடிக்குள் நிற்கிறது. பெண்கள் அங்கே போகும் வழக்கம் நம் ஊரில் இல்லை. அதனால் சித்திரையில் ஒரு சிறுமழை பெய்து வீரை தளிர்த்தபோது நீ போனாய். நீ உள்ளே, நான் மதிலுக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் மேல், இரண்டு பேர் காதிலும் போன். "இன்னும் மேல, இடப்பக்கக் கொப்பு, தளிருக்குக் கீழால பார்" என்று நான் சத்தம் போட, "உம்மா, மையத்தெல்லாம் எழும்பப் போகுது, மெல்லமாக் கதைங்க" என்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? எனக்கு வாப்பா போனபின் அன்றுதான் முதன்முதலில் சிரிப்பு வந்தது. வாப்பா அந்த மரத்துக்குக் கீழேதான் இருக்கிறார் என்ற நினைப்பு இருந்தும் சிரித்தேன். அவர் இருந்திருந்தால் என்னைவிடப் பெரிதாகச் சிரித்திருப்பார்.

அந்தக் கிழமையே புழுவைக் கண்டாய். குச்சியைப் போல நீட்டிக்கொண்டு கிடந்ததாம், நீ கையை வைத்தபோது குச்சி அசைந்ததாம். அதன் பிறகு கல்யாண வேலைகளுக்கு நடுவிலும் தினமும் அஸர் தொழுகைக்குப் பின் போய்ப் பார்த்தாய். "உம்மாக்கு மாப்பிள்ளைய விடப் புழுதான் பெரிசு" என்று உன் கூட்டாளிகளிடம் முறைப்பட்டாயாம், அவர்களின் உம்மாமார் மூலம் எனக்கு வந்து சேர்ந்தது. கடைசியில் ஒருநாள் அந்தப் புழு மரத்தண்டு வழியே இறங்கி, அடியில் குவிந்து கிடந்த சருகுக்குள் நுழைந்ததை நீ வீடியோ எடுத்து வந்தாய். அது மட்டுமல்ல, தேடிப் பார்த்தபோது சருகோடு சருகாக இலையை மடித்து ஒட்டிய கூடுகள் அங்கங்கே கிடந்தன. தொடாமல் படமெடுத்தாய். மழையில்லாமல் கச்சான் காற்று வீசும் மாதங்கள் முழுக்க அவை அந்தச் சருகில் தூங்கும், மழை வந்தால் எழும்பும், அப்போது நானே வருகிறேன், அதுவரை எதையும் அசைக்க வேண்டாம் என்று மிஸ் எழுதினா. உனக்கு ஒன்று சொல்லவில்லை. நீ எடுத்த கூட்டின் படம் ஒன்றில், ஓரத்தில் ஒரு மீசான் கட்டையின் நுனி தெரிந்தது. வாப்பாவின் தலைமாட்டில் நட்டது அதுதானா என்று நான் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். சருகு மூடியிருந்ததால் கபுறு தெரியவில்லை. உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு படம் எடுத்துத் தந்திருப்பாய். நான் கேட்கவில்லை.

பிறகு உன் கல்யாணம். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான், பெண் எடுத்தவன் பெண் வீட்டுக்குப் போவான், வீடு பெண்ணுக்கு. நானும் உன் வாப்பாவை இப்படித்தான் இந்த வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வந்த முதல் மாதம் அவர் ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது நீ அக்கரைப்பற்றில் இருந்து கிழமைக்கு ஒருதரம்கூட வரவில்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெண்சாதியாக இருந்தாலும் உம்மாவாக இருந்தாலும் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வர ஒரு காரணம் கிடைத்துவிடும், அதை நீ பெரிதாக எடுக்காதே. அந்த வீட்டில் உன் இடம் தானாக உண்டாகும் வரை கொஞ்சம் சத்தமில்லாமல் இரு. வாப்பா அப்படித்தான் இருந்தார். எனக்கு உறைத்தது வேறொன்று. நீ போனதோடு உன் சந்தா, உன் ஜமாஅத், உன் பேச்சு எல்லாம் அந்த ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டது. இந்த மையவாடி விஷயத்தில் இனி நம் வீட்டிலிருந்து வாய்திறக்க ஓர் ஆண்பிள்ளை இல்லை. நீ போகும்போது அதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் பள்ளியில் அறிவித்தார்கள், மையவாடி மரங்களை வெட்டப் போவதாக. நான் நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஹாஜியாரின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி எனக்குப் பாய் விரித்து, ஹாஜியாரை வெளி விறாந்தையிலிருந்து கூப்பிட்டா. அவர் என்னை இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். "நாங்க ஆசைக்கு வெட்டல்ல டீச்சர்," என்றார். "ஊர்ல சனம் கூடிப் போச்சி, மையத்தடக்க இடமில்ல. வேர வெட்டி வெட்டிக் குழி தோண்ட ஏலாமக் கிடக்கு. சுனாமிக்குப் பொறகு அந்தப் பக்கம் முழுக்கக் கபுறுதானே." அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. நான் பூச்சியைப் பற்றிச் சொன்னேன். போனில் படத்தைக் காட்டினேன். கண்டியிலிருந்து ஒரு படித்த மனுசி வந்து பார்க்கப் போகிறா, சரியென்று பதிந்தால் இந்தக் கரையில் இது நம் மையவாடியில் மட்டும்தான் என்று சொல்வார்கள் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பிறையை நெடுநேரம் பார்த்தார். "சுப்ஹானல்லாஹ், எண்ட ரப்பு எவ்வளவு வடிவா வச்சிரிக்கான்," என்றார். பிறகு, "எண்ட பொம்பிளப் புள்ளையள் எல்லாம் உங்களிட்டப் படிச்சதுதானே. நீங்க வந்து கேட்டா இல்லையெண்டு எப்படிச் சொல்ற? வடக்குப் பக்கம் மண் போட்டு உசத்தி அங்க அடக்குவம். மரத்தத் தொடமாட்டம்," என்றார். நான் வீட்டுக்கு வந்து அல்லாஹ்வுக்கு நன்றியாகச் சுக்ர் ஸுஜூது செய்தேன். அன்று உனக்கு எடுத்த போனில் நான் குமரிப் பிள்ளை மாதிரிக் கதைத்தேன் என்று நீயே சொன்னாய்.

மகன், இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமாவது ஒன்றைக் கேட்கப் போனால், வேண்டியதை முழுவதாகக் கேள். அவர் ஓம் என்றதும் சந்தோஷத்தில் எழும்பி வந்துவிடாதே. நான் மரத்தைக் கேட்டேன், மரத்தைத் தந்தார்கள். சருகைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சருகைக் கூட்டாதீர்கள் என்று நம் ஊரில் யார் யாரிடம் சொல்வார்கள்? விடிந்ததும் வளவைக் கூட்டி, மணலில் விளக்குமாற்றின் கோடு தெரிய வைத்தால்தான் நம் பெண்களுக்குத் தேத்தண்ணி இறங்கும். ஒரு வீட்டு முற்றத்தில் இலை கிடந்தால் அங்கே யாருக்கோ சுகமில்லை என்று அர்த்தம். கல்யாணமென்றாலும், வெளியூரிலிருந்து பெரிய மனிதர் வருவதென்றாலும், கூட்டி, எரித்து, கடற்கரை வெள்ளை மணலை வாரிப் பரப்புவோம். உன் கல்யாணத்துக்கு நம் வாசலுக்கும் அப்படித்தான் பரப்பினோம், நானே முன்னுக்கு நின்று பரப்பச் சொன்னேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து நான் பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோது புகை வாசம் வந்தது. பக்கத்து வீட்டில் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்து ஒரு பிடி சாப்பிட்டும்விட்டேன். பிறகு மதிலுக்கு அப்பால் ஆட்களின் சத்தம், மண்வெட்டிச் சத்தம், லேண்ட்மாஸ்டர் வண்டியில் மணல் வந்து கொட்டும் சத்தம். ஸ்டூலில் ஏறிப் பார்த்தேன். ஊர் இளைஞர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வீரை மரத்தடியை விளக்குமாற்றால் கூட்டி, மூலைக்கு மூலை சருகைக் குவித்து நெருப்பு வைத்திருந்தார்கள். நடுவில் ஹாஜியார், முழங்கால் நோவோடு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரும் கூட்டிக்கொண்டிருந்தார். நான் போன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. கையைக்கூடக் கழுவாமல் முக்காட்டைப் போட்டுக்கொண்டு மையவாடி வாசலுக்கு ஓடினேன்.

வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது. யாரும் என்னைத் தடுக்க நிற்கவுமில்லை. ஆனால் அந்தக் கதவுக்குள் என் உம்மா போகவில்லை, என் ராத்தா போகவில்லை, நான் என் வாப்பாவுக்கும் போகவில்லை, உன் வாப்பாவுக்கும் போகவில்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரு புழுக்கூட்டுக்காக எப்படிப் போவேன்? "கூட்டாதீங்க" என்று கத்தினேனா, கத்த நினைத்தேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஹாஜியார் என்னைக் கண்டுவிட்டு, முகமெல்லாம் வியர்வையோடு வாசலுக்கு வந்தார். "புகைக்குள்ள நிக்காதீங்க டீச்சர். மிஸ் வாறதெண்டீங்கதானே, வெளியூர் ஆக்கள் வந்து நம்மட மையவாடி குப்பையாக் கிடக்கெண்டு சொல்லப்படா. மரத்துல ஒரு கொப்புக்கூட முறிக்கல்ல, பாருங்க. நாங்க வடிவாச் செஞ்சி தாறம்," என்றார். அவர் பின்னால் ஒரு குவியல் எரிந்து கொண்டிருந்தது. பிறகு என்ன சொன்னேன் தெரியுமா? "ஜஸாகல்லாஹு ஹைரன் ஹாஜியார்" என்றேன். அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும் என்றேன். மனதாரத்தான் சொன்னேன், அதுதான் இன்னும் கொடுமை. கெட்ட மனிதர் கெடுத்தால் ஏசலாம், ஏசி ஆறலாம். எனக்காகவே முழங்கால் நோவோடு குனிந்து கூட்டுகிறவரை நான் என்ன செய்ய?

பின்னேரம் ஹாஜியார் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். "மாஸ்டர்ட கபுறு டீச்சர், சுத்தமாக்கிட்டம்" என்று கீழே எழுதியிருந்தார். வெள்ளை மணல் பரப்பி, மீசான் கட்டைகள் இரண்டும் நிமிர்ந்து நிற்க, நடுவில், ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்ட உன் வாப்பா. அவரைக் கொண்டு போனபின் அவர் எங்கே, எப்படிக் கிடக்கிறார் என்று நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். தலைமாடு வீரை மரத்துப் பக்கம், நிழல் மேலே விழுந்திருந்தது. நான் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதேன். எதற்கு அழுதேன் என்று கேட்டால் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவரைக் காட்டிய அதே விளக்குமாறுதான் அந்தக் கூடுகளை நெருப்புக்குத் தள்ளியது. உனக்கு நான் சொல்லாமல் விட்டது இதனால்தான். பூச்சி போனது என்று சொன்னால், வாப்பாவைக் கண்டேன் என்றும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல என்னால் இயலவில்லை.

சருகுக்குள் இல்லாமல் மண்ணுக்குள் ஒன்றிரண்டு தப்பியிருக்கும் என்று நம்பினேன். முதல் மழை பெய்தது. விடியுமுன் எழும்பிச் சுவரைப் பார்ப்பதே எனக்கு வேலையாகப் போனது. எத்தனையோ வந்தன. தவிட்டு நிறத்தில், பச்சையில், பல்லிக்குத் தப்பி ஒற்றைச் சிறகோடு. பிறையோடு ஒன்றும் வரவில்லை. சொன்னபடி மிஸ் வந்தா. அவவை உள்ளே விடுவதா என்று சபையில் கொஞ்சம் கதைத்தார்களாம், பிறகு "ஆராய்ச்சிக்குத்தானே, தலைய மூடிக்கிட்டுப் போகட்டும்" என்று முடிவாகியது. நல்ல முடிவுதான். இளநீர் வெட்டிக் கொடுத்து ஹாஜியாரே கூட்டிப் போனார். நான் வாசலில் நின்றேன். கண்டியிலிருந்து வந்த மனுசி என் புருசனின் தலைமாட்டில் நடந்து போனதை, வெளியே நின்று பார்த்தேன். என்னை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நானாகவும் அடி எடுத்து வைக்கவில்லை. அன்று எனக்கு மனம் நொந்தது மகன், உனக்கு மறைக்க என்ன இருக்கிறது.

மிஸ் திரும்பி வந்தபோது சப்பாத்தெல்லாம் வெள்ளை மணல். ஹாஜியார் பக்கத்தில் நின்றதால், "மிகவும் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னா. ஹாஜியாருக்கு அதை நான்தான் தமிழில் சொன்னேன், அவர் முகம் மலர்ந்தது. நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றதைச் சொன்னா. உன் வீடியோவும் படங்களும் நல்ல சான்றுகள், ஆனால் புதுப்பூச்சி இல்லாமல் முடிவு சொல்ல இயலாது, "உறுதிப்படவில்லை" என்றுதான் பதிய வேண்டும் என்றா. ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். எங்கோ ஒன்று தப்பி, முட்டையிட்டு, புழு இறங்கும் நேரம் மரத்தடியில் கொஞ்சம் சருகு கிடந்தால், அதை ஒரு கச்சான் முழுக்க யாரும் அசைக்காவிட்டால், அடுத்த மாரிக்குப் பார்க்கலாம் என்றா. அவ போனபின் ஹாஜியாரை நன்றி சொல்லக் கூப்பிட்டேன். சருகைப் பற்றி மெதுவாகச் சொல்லிவிடலாம் என்றுதான் எடுத்தேன். நான் வாய்திறக்குமுன் அவர், "இனி மாசா மாசம் கூட்டுறதுக்கு ஆள் போட்டிரிக்கம் டீச்சர். மிஸ்ஸே சுத்தமெண்டு சொல்லிட்டா. உங்களாலதான் எங்களுக்கு இந்தப் புத்தி வந்திச்சி," என்றார். நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி வைத்தேன். செய்தது பிழை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? சொன்னால் அந்த மனிதர் உடைந்து போவார். உடையாவிட்டால், இந்த டீச்சரின் பூச்சியால் ஓயாத கரைச்சல் என்று யாராவது மரத்தையே வெட்டச் சொல்வார்கள். மரம் நிற்பதே பெரிது. அதனால் இனி மாதா மாதம் புகை வாசம் வரும்போது நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பேன்.

அடுத்த மாதம் வாப்பாவின் வருடக் கத்தத்துக்கு நீ வருவாய். கபுறடியில் துஆ ஓத ஸியாரத்துக்கு உள்ளே போவாய், ஹாஜியாரும் கூட வருவார். நான் விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. ஒரு கபுறை அந்த வீட்டு ஆண்பிள்ளை தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால், கூட்டுகிறவர் அதன் மேல் கை வைக்க மாட்டார். அந்த மையவாடியில் நம் பேச்சு செல்லும் இடம் ஓர் ஆள் நீளமும் ஓர் ஆள் அகலமும்தான், அதுவும் வீரை மரத்தடியில் இருக்கிறது. ஹாஜியாரிடம் சொல், எங்கட வாப்பாட கபுற நாங்க பாத்துக்குறம் எண்டு. சொல்லிவிட்டு அதை நீ தொடாதே. ஓர் இலையையும் எடுக்காதே, மேலே விழுவது விழுந்தபடி கிடக்கட்டும். ஊர் கதைக்கும். பெண் எடுத்த ஊருக்குப் போனவன் பெத்த வாப்பாவின் கபுறைக் குப்பையில் போட்டுவிட்டான் என்று சொல்வார்கள், உன் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அதை நீதான் வாங்கிக்கொள்ள வேண்டும், எனக்கு அங்கே வந்து உனக்காகக் கதைக்க வழியில்லை. ஒரு புழு அந்தச் சின்னத் துண்டைத் தேடி இறங்குமா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. இலை மூடினால் எனக்கு வாப்பா மறுபடி தெரியமாட்டார். படம் போனில் இருக்கிறது, அதில் பார்த்துக்கொள்வேன். நீ வந்து, துஆ ஓதிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி வா மகன்.

உம்மா